ஒரு வீடு குறைந்த பட்டியல்

கட்டுகஸ்தோட்டை
14.10.2007

அன்புள்ள அக்கா,

நானும் லீலாவும் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? செப்டெம்பர் முதலாம் திகதி நீங்கள் எழுதிய கடிதம் பாதை பூட்டியபடியால் கப்பலேறி, கொழும்பில் இளைப்பாறி, முந்தாநாள்தான் வந்து சேர்ந்தது. உறையை யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். பசையைத் தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். உங்கள் கையெழுத்தில் பாதியைக் காணவில்லை.

ஒரு நல்ல செய்தி. ஒன்றரை வருடமாக நான் தலையை உடைத்துக்கொண்டிருந்த வேலை முடிந்துவிட்டது. எங்கள் மாநகரசபைச் சேவை நிலையத்தில் இனி யாரும் முறைப்பாட்டுக் கடிதத்தோடு மேசை மேசையாக அலையவேண்டாம். ஒரு முறை பெயரும் விலாசமும் கொடுத்துப் பதிந்தால் போதும். தெருவிளக்கு எரியவில்லையா, குப்பை அள்ளவில்லையா, வாசலில் வந்து சொல்லலாம், கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். கணினி ஓர் இலக்கம் கொடுக்கும். பதினான்கு நாளில் பதில் போகாவிட்டால் பணிப்பாளரின் திரையில் அது சிவப்பாக நிற்கும். நீங்கள் வகுப்பில் படிப்பிக்கிற மக்களாட்சி ஆறு வருடத்துக்கு ஒருநாள் வருகிறது. என்னுடையது வேலைநாட்களில் எட்டரையிலிருந்து நாலேகால் வரை திறந்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் அழகமுத்து என்பவர் மனைவி மாரியாயியோடு வாடகைக்கு இருக்கிறார். கம்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்காரர். மரக்கறிக் கடைகளில் மூட்டை தூக்குகிறார். அவரைத்தான் முதலில் பதியச் சொன்னேன். தயங்கினார்.

"பேரு குடுத்தா வம்பு கிம்பு வந்துராதுங்களா சார்?"

"என்ன வம்பு? நான் அங்கதானே இருக்கிறன்" என்றேன்.

அவர் முறைப்பாடு போட்ட ஒன்பதாம் நாள் பின் ஒழுங்கையில் தெருவிளக்கு எரிந்தது. மனுசன் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

லீலா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னா.

அன்புத் தம்பி,
யோகேந்திரன்

—

கோண்டாவில்
22.11.2007

அன்புத் தம்பி யோகனுக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. மாவு விலை ஏறிவிட்டது, நான் இறங்கிவிட்டேன், பழைய சட்டைகள் தொளதொளக்கின்றன. வேறு குறையில்லை. இந்தக் கடிதத்தை வழியில் பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கும் என் வணக்கம். பசையைக் கொஞ்சம் குறைத்துப் பூசுங்கள்.

உன் கணினிப் பெட்டியைப் பற்றி உயர்தர வகுப்புக்குச் சொன்னேன். அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடாமல் இருந்தது இந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. மக்கள் கேட்பதும் அரசு பதில் சொல்வதும் தேர்தலுக்குத் தேர்தல் நடக்கிற திருவிழா அல்ல, அன்றாட வேலை என்று நான் இருபத்தெட்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். என் தம்பி அதற்கு ஒரு மிசின் செய்துவிட்டான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அழகமுத்துவுக்குப் பதில் எந்த மொழியில் போனது? சிங்களத்தில்தான் போயிருக்கும். அதை வாசிக்க அவர் யார் வீட்டு வாசலிலாவது போய் நின்றிருப்பார். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் போடு. "உங்கள் மொழி எது?" என்று கேள். கேட்பது மரியாதை. கேளாமலே தங்கள் மொழியில் பதில் அனுப்புவது ஐம்பது வருடமாக நடக்கிற அவமரியாதை. அந்த ஒரு கட்டத்துக்காக நீ சண்டை பிடிக்கலாம், நான் அனுமதி தருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
கமலாசனி

—

கட்டுகஸ்தோட்டை
6.1.2008

அன்புள்ள அக்கா,

புதுவருடம் உங்களுக்குச் சுகத்தைக் கொண்டுவரட்டும். இங்கே குளிர். லீலாவுக்குத் தடிமன், எனக்கு இல்லை.

சண்டை பிடித்தேன். மூன்று கூட்டம். பணிப்பாளர் முதலில் அவசியமில்லை என்றார், பிறகு பார்ப்போம் என்றார், கடைசியில் என் வாய்க்குப் பயந்து ஒப்புக்கொண்டார். இப்போது விண்ணப்பத்தில் நாலாவது வரி உங்களுடைய கட்டம்தான். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டார் தமிழ் என்று அடையாளம் இட்டிருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் முஸ்லிம் வீடுகள். என் வீட்டையும் பதிந்தேன். ஊருக்குச் சொல்லிவிட்டு நான் ஒதுங்கி நிற்கலாமா?

அழகமுத்துவுக்குத் தமிழில் போன முதல் பதிலை மாரியாயி மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாவாம். குப்பை லொறி செவ்வாய்க்கிழமை வரும் என்பதுதான் அதிலுள்ள செய்தி.

கோபிக்காமல் முழங்காலுக்கு மருந்து பூசுங்கள்.

தம்பி,
யோகன்

—

கோண்டாவில்
19.2.2008

அன்புத் தம்பி,

உன் கடிதம் வந்த அன்று ஊரடங்கு. கதவைச் சாத்திக்கொண்டு நாலு தரம் வாசித்தேன். குப்பை லொறிக் கடிதம் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிற கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி ஒரு கேள்வி கேட்டாள். "ரீச்சர், வாக்குச்சீட்டில எங்கட பேர் இல்லை. மடிச்சுப் போடுறம், ஆர் போட்டதெண்டு ஆருக்கும் தெரியாது. அதாலதான் பயமில்லாமப் போடுறம். ஆனா உங்கட தம்பியின்ர பெட்டியில பேர் போடாட்டிப் பதில் வராதே. அப்ப அந்தப் பேரையெல்லாம் வேற ஆர் பார்ப்பினம்?"

தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் குடும்பப் படம் எடுத்து ஆமிக்குப் பதிந்து வைத்திருக்கிறோம். அதனால்தான் பிள்ளைக்கு அப்படிப் புத்தி போகிறது. நீ பதில் எழுது, வாசித்துக் காட்டுகிறேன்.

லீலாவின் தடிமனுக்கு மல்லித்தண்ணி.

அக்கா

—

கட்டுகஸ்தோட்டை
2.4.2008

அன்புள்ள அக்கா,

இருவரும் சுகம். நீங்கள் இந்த மாதமாவது வைத்தியரிடம் காலைக் காட்டினீர்களா?

உங்கள் மாணவிக்குச் சொல்லுங்கள், கெட்டிக்காரக் கேள்வி. பதில்: பட்டியலைத் திறக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். பணிப்பாளர் ஒருவர், நான் மற்றவர். பணிப்பாளருக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியாது. ஆகவே ஒருவர்தான். அந்த ஒருவர் உங்கள் தம்பி. போதுமா?

எங்கள் வீட்டுப் பின்பக்க வடிகால் கான் உடைந்து, தண்ணீர் தேங்கி, நுளம்பு பெருகிவிட்டது. என் பெயரில் முறைப்பாடு போட்டேன். பெப்ரவரி பதின்மூன்றாம் திகதி பரிசோதகர் வந்தார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தபடியால், அழகமுத்துதான் நின்று கானைக் காட்டிச் சாட்சிக்கு ஒப்பமும் வைத்தார். அந்தத் தாளைக் கணினிக்குள் படமாக ஏற்றிவிட்டுக் கிழித்துப் போட்டோம். தாள் வைத்திருப்பதில்லை என்பது என் ஏற்பாடு. மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் சீடியில் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டு அலுமாரியில் லீலாவின் சேலைகளுக்குள் வைக்கிறேன். நெருப்புப் பிடித்தாலும் என் மக்களாட்சி தப்பும்.

கான் மட்டும் இன்னும் திருத்தப்படவில்லை.

யோகன்

—

கட்டுகஸ்தோட்டை
8.6.2008

அன்புள்ள அக்கா,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். நாங்கள் சுகம். வானொலியில் ஏதாவது கேட்டுப் பயந்துவிடாதீர்கள்.

மே முப்பதாம் திகதி விடியற்காலை ஆமியும் பொலிசும் எங்கள் பக்கம் வந்து வீடுகளைச் சோதித்தார்கள். எங்கள் ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கையிலுமாகப் பதினொரு பேரைக் கொண்டுபோனார்கள். எட்டுப் பேர் திரும்பிவிட்டார்கள். அழகமுத்து இன்னும் வரவில்லை. அடையாள அட்டையில் தோட்ட விலாசம், இருப்பது இங்கே, அதுதான் காரணமாம். விசாரித்துவிட்டு விடுவார்கள்.

எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கடவுள் காப்பாற்றினார்.

மழை தொடங்கிவிட்டது. மகாவலி கலங்கி ஓடுகிறது. நீங்கள் கவனமாக இருங்கள்.

யோகன்

—

கோண்டாவில்
14.7.2008

அன்புத் தம்பி,

நீயும் லீலாவும் பத்திரம் என்று வாசித்ததும் நல்லூருக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்தேன். முழங்காலோடு நடந்துதான் போனேன். திரும்பி வரும்போதுதான் யோசனை வந்தது.

நான் கணக்கில் மட்டம், உனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். ஒழுங்கையில் இருக்கிற தமிழ் வீடுகளுக்கெல்லாம் வந்தவர்கள், பின்னாலிருக்கிற அறையைக்கூடத் தேடிப்பிடித்தவர்கள், முன்வீட்டில் கொழுகொம்பு மாதிரி நிற்கிற யாழ்ப்பாணத்தானை எப்படி விட்டுவிட்டுப் போனார்கள்? வீடு வீடாகத் தட்டியிருந்தால் முதலில் தட்டுவது உன் கதவை. தட்டாமல் தெரிந்து போயிருந்தால், யார் சொல்லித் தெரிந்தது?

கடவுள்தான் என்றால் சரி. அப்படியே எழுது. நம்பிக்கொள்கிறேன்.

மாரியாயி சாப்பாட்டுக்கு என்ன செய்கிறா?

அக்கா

—

கட்டுகஸ்தோட்டை
20.8.2008

அன்புள்ள அக்கா,

சுகம். பெரஹெரா ஊர்வலம் முடிந்து ஊர் அடங்கியிருக்கிறது. இந்த முறை சனம் குறைவு. கண்டிக்குப் போகிற பஸ் இரண்டு இடத்தில் நின்று சோதனை முடிந்துதான் போகிறது. லீலா கொய்யாக் கன்று ஒன்று நட்டிருக்கிறா. மாரியாயிக்கு லீலா சோறு கொடுக்கிறா. அழகமுத்து வரவில்லை.

நிலையத்தில் வேலை அதிகம். வேறு புதினம் இல்லை.

யோகன்

—

கோண்டாவில்
17.9.2008

யோகன்,

இந்தத் தடவை உன் சுகத்தை நான் கேட்கவில்லை. கொய்யாக் கன்றின் சுகத்தையும் கேட்கவில்லை. யார் சொல்லித் தெரிந்தது என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

அந்தப் பாடத்தைப் படிப்பிப்பதை நிறுத்திவிட்டேன். கடைசி வாங்குப் பிள்ளை பதிலைக் கேட்டாள். உன் ஏப்ரல் பதிலை வாசித்துக் காட்ட மனம் வராமல், கப்பல் பிந்துகிறது என்று பொய் சொன்னேன். ஐம்பத்தாறு வயதில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்ல வைத்தாய்.

மொழிக் கட்டத்தைப் போடச் சொன்னவள் நான். அந்தப் பாதி வெட்கம் என்னுடையது. இரவில் அதை வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். மற்றப் பாதியை நீ எழுது.

அக்கா

—

கட்டுகஸ்தோட்டை
12.10.2008

அக்கா,

எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. வழியில் பிரிப்பவர் வாசித்தால் வாசிக்கட்டும்.

மே மாதம் இருபத்தாறாம் திகதி பணிப்பாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். உள்ளே இரண்டு பேர் கதிரையில் இருந்தார்கள். எங்கிருந்து வந்தவர்கள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தமிழ் என்று பதிந்த வீடுகளின் பட்டியல் வேண்டும், முஸ்லிம் பெயர்களை விட்டுவிடலாம், நாலு மணிக்கு முன் வேண்டும் என்றார்கள். எனக்குத் தேநீர்கூட ஊற்றிக் கொடுத்தார்கள். நான் மறுக்கவில்லை. யோசிக்கவேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. சரி சேர் என்றேன்.

உங்கள் கட்டத்தைத் தெரிவுசெய்து அமத்தினேன். ஒரு விநாடி எடுக்கவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. முஸ்லிம் பெயர்களைக் கையால் கழித்தேன். மிச்சம் நூற்றெழுபத்தாறு வீடுகள். எண்பத்தெட்டாவது என் வீடு. அதைக் கண்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. இதை நீங்கள் கவனிக்கவேண்டும் அக்கா. அழகமுத்துவின் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கீழே வந்தேன்.

என் வீட்டை மட்டும் பதிவிலிருந்தே அழித்தேன். நூற்றெழுபத்தைந்து வீடுகளை அச்சடித்து, ஓரம் சீராகத் தட்டிக் கொடுத்தேன்.

கதை அதோடு முடியவில்லை. பெப்ரவரி பதின்மூன்றாம் திகதி அழகமுத்து சண்டை நடக்கிற பக்கம், வவுனியாவில் நின்றார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேறு குற்றம் எதுவும் இல்லை. மாரியாயி காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்துப் பாரூக் என்கிற சட்டத்தரணியைப் பிடித்தா. அவரிடம் அழகமுத்து சொன்னாராம். "அன்னிக்கு கானைப் பாக்க ஐயா வந்தாரு. யோகேந்திரன் சார் வூட்டுக்காக நான்தாங்க ஒப்பம் வச்சேன். கம்பியூட்டர்ல ஏத்தியிருக்கு, சாரைக் கேளுங்க, அவரு எடுத்துக் குடுப்பாரு."

பாரூக் நிலையத்துக்கு எழுதினார். தேடினேன். இல்லை. ஒரு வீட்டை அழித்தால் அந்த வீட்டின் முறைப்பாடுகளும் கூடவே அழியும்படி நான்தான் எழுதியிருந்தேன், குப்பை சேராமல் இருப்பதற்கு. என் வீட்டோடு கானும் போய்விட்டது, கானோடு அவருடைய ஒப்பமும் போய்விட்டது. அப்படி ஒரு முறைப்பாடு எங்கள் பதிவில் இல்லை என்று பதினான்கு நாளுக்குள் பாரூக்குக்குப் பதில் போனது. நல்ல தமிழில் போனது. அதை அச்சடித்தவன் நான்.

பரிசோதகரைத் தேடினேன். மாற்றலாகிப் போய், வெளிநாடு போய்விட்டாராம்.

மார்ச் மாதச் சீடி அலுமாரியில் இருக்கிறது. அதில் என் வீடு இருக்கிறது, கான் இருக்கிறது, திகதியோடு அழகமுத்துவின் ஒப்பம் இருக்கிறது. அதைக் கொடுத்தால், மார்ச்சில் இருந்த வீடு மே மாதத்தில் எங்கே போனது என்று கேட்பார்கள். அரச பதிவை அழித்தவன் நான், பட்டியலில் இருந்து ஒளித்த தமிழனும் நான். மூன்று மாதமாகச் சேலைகளுக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு அலுமாரியைப் பூட்டுகிறேன்.

நேற்று லீலாவிடம் சொன்னேன். அவ அழுதா. "அந்த மனுசன் பாவம்தான். ஆனா உங்களைக் கொண்டுபோனா நான் ஆரைப் பிடிக்கிறது? எனக்குத் தோட்டுக்கு மேல கழட்டிக் குடுக்க என்ன கிடக்கு?" என்றா. பிறகு உள்ளே போய்ச் சேலைகளை எடுத்துக் கட்டிலில் வைத்து, சீடியை மேசையில் கொண்டுவந்து வைத்தா.

உங்களிடம் கேட்டுச் செய்யலாம் என்றால் பதில் வர ஒரு மாதமாகும். வழக்கு வியாழக்கிழமை. இந்தக் கடிதம் கொழும்பைத் தாண்டுவதற்கு முன் நான் ஏதாவது ஒன்றைச் செய்திருப்பேன். எதை என்று எழுத எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

யோகன்

—

கோண்டாவில்
16.11.2008

அன்புத் தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது. அந்த வியாழக்கிழமை போய் ஒரு மாதம். நீ என்ன செய்தாய் என்று தெரியாமல் எழுதுகிறேன். நீ எங்கே இருக்கிறாய் என்றும் தெரியாது.

நீ சீடியைக் கொடுத்திருந்தால் லீலாவை இங்கே வரச் சொல்ல வழியில்லை, பாதை இல்லை. என் காப்பு இரண்டையும் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவ எடுத்துக்கொள்ளட்டும்.

கொடுக்காவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. நான் புரிந்துகொள்வேன். கோபிக்கவும் மாட்டேன். அந்த மேசையில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். எனக்குப் பிடித்த பதில் வருவதில்லை.

உன் அக்கா,
கமலாசனி

—

கட்டுகஸ்தோட்டை
28.12.2008

அன்புள்ள அக்கா,

வீட்டில்தான் இருக்கிறேன். லீலா சுகம். காப்பு வந்தது. அவ அதைப் போடவில்லை, கடிதத்தோடு சுற்றி வைத்திருக்கிறா.

கொடுத்தேன். பாரூக் தன் மடிக்கணினியில் சீடியைப் போட்டு நீதவானுக்குக் காட்டினார். திகதி, கான், ஒப்பம். நீதவான் என்னைக் கூப்பிட்டு, இந்த வீடு இப்போது பதிவில் ஏன் இல்லை என்று கேட்டார். நான்தான் எடுத்தேன் என்றேன். ஏன் என்றார். பயந்து என்றேன். மற்ற வீடுகளை என்ன செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நல்லது என்று நினைத்தேன். கேளாதபடியால் நானாகச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சிங்களத்தில் சொன்னார். கூண்டில் நின்ற அழகமுத்துவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

இரண்டு வாரத்தில் அவரை விட்டார்கள். என்னைப் பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. வேலை இடைநிறுத்தம், விசாரணை நடக்கிறது. என் வீடு இப்போது பட்டியலில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நேற்றுப் பின்னேரம் அழகமுத்து குசினி வாசலுக்கு வந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். இடது கை முழங்கைக்கு மேல் எழும்புவதில்லை, இனி மூட்டை தூக்க ஏலாது. கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு எத்தனையோ நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவர் முந்திவிட்டார்.

"சார், ஒண்ணு கேட்டா செஞ்சு குடுப்பீங்களா?"

"கேளுங்கோ."

"அந்தக் கம்பியூட்டர்ல இருந்து என் பேர எடுத்துருங்க. ஒங்க பேர எடுத்தீங்கள்ல, அந்த மாதிரி."

அவர் குத்திச் சொல்லவில்லை அக்கா. அது ஒரு வசதி, எனக்குத் தெரிந்த வேலை, தனக்கும் செய்து தரவேண்டும் என்று கேட்டார். அவ்வளவுதான்.

"எனக்கு இப்ப அங்க வேலை இல்லை, அழகமுத்து. உள்ளுக்கு விடமாட்டினம்."

"அப்ப என் பேரு அங்கனயேதான் கெடக்கும்."

"ஓம்."

"சரிங்க சார்" என்றார். இன்னும் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுகிறார்.

பின் ஒழுங்கையில் விளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. அவர் அதன் கீழால் போகவில்லை. உடைந்த கானைத் தாண்டி, இருட்டாயிருந்த பக்கத்தால் சுற்றிக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

உங்கள் மாணவியின் கேள்விக்கு நான் ஏப்ரலில் எழுதிய பதிலை இனியும் வாசித்துக் காட்டாதீர்கள், அது பிழை. யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள் அல்லவா? கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவன் என்று உங்கள் தம்பியின் பெயரைச் சொல்லுங்கள்.

காலைக் கவனியுங்கள்.

யோகேந்திரன்